டிக்கிக்குப் பின்னால் ஒரு நெம்புகோல்

திருப்பரங்குன்றத்திலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீட்டர். மலை தொடங்குவதே வத்தலக்குண்டைத் தாண்டித்தான். அதுவரை நான்குவழிச் சாலையில் லாரிகளோடு சைக்கிள் மிதிப்பதில் என்ன சுகம் இருக்கிறது? சிறுமலையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே கதைதான். மலையடிவாரம் வரை காரில், அதற்கு மேல் சைக்கிளில் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரே கேள்வி: ஆள் காரில் ஏறிக்கொள்ளலாம், சைக்கிள் எங்கே ஏறும்?

வெளிநாட்டுக் கேரியரின் விலையைக் கேட்டால், ‘இன்னொரு சைக்கிளே வாங்கி அங்கே போட்டுவிடலாமே’ என்று தோன்றும். அதனால் பலரும் பட்டறைக்குப் போகிறார்கள். மதுரைப் பட்டறைகளுக்குக் காரின் மேல் கேரியர் செய்வது புதிதல்ல. அம்பாசடர் காலத்திலும் ஆம்னி காலத்திலும் சபரிமலை சீசன் வந்தால் மூட்டை கட்டக் கேரியர் போடாத வண்டி குறைவு. அந்த வண்டிகளின் கூரை ஓரத்தில், மழைநீர் வழிவதற்காகத் தகரத்தை மடித்து ஒரு காடி விட்டிருப்பார்கள். அந்த மடிப்பில் கிளாம்பைக் கவ்வ வைத்து நட்டை முறுக்கினால் கேரியர் நின்றுவிடும். அம்பாசடர் 2014இலும் ஆம்னி 2019இலும் நின்றுபோயின. இப்போதைய கார்களின் கூரை மழமழவென்று இருக்கிறது. கவ்வுவதற்கு மடிப்பே இல்லை. பட்டறைக்காரரின் கை தானாகவே டிக்கிப் பக்கம் போவது இதனால்தான். கீழே பம்பரில் ஊன்றி, மேலே டிக்கிக் கதவின் விளிம்பில் பெல்ட் மாட்டி, பின்பக்கமாக இரண்டு கைகளை நீட்டி, அதில் சைக்கிளைத் தொங்கவிடுகிற அமைப்பு.

பார்க்க எளிமையானது. ஆனால் கணக்கு கொஞ்சம் கறாரானது.

இரண்டு சைக்கிள், மொத்தம் 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். (கியர் சைக்கிள் என்றால் இந்த எடை சரி. பழைய கறுப்பு சைக்கிள் ஒன்றே இருபது கிலோவுக்குக் குறையாது.) 30 கிலோவைத் தாங்க ஒரு சின்னக் கம்பி போதுமே என்றுதான் யாரும் நினைப்பார்கள். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து ஒரு தெருவே நடந்துவிடும் பெண், அதே குடத்தை நீட்டிய கையில் அரை நிமிடம் பிடித்திருக்க மாட்டார். எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. எடையைத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பதைப் பாடப்புத்தகம் திருப்புத்திறன் என்கிறது. சைக்கிள்களின் ஈர்ப்புமையம் ஊன்றிய இடத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் 30 × 0.4 = 12 கிலோகிராம்-மீட்டர். வண்டி நிற்கும்போதே இவ்வளவு. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது சைக்கிள் மேலே எழும்பிக் கீழே அறையும். அந்த நொடியில் சுமை மும்மடங்காகிறது என்று கொண்டால் 36.

இதைத் தாங்க எந்தப் பைப் வேண்டும்? பட்டறையில் வழக்கமாகக் கிடைப்பது ஓர் அங்குல ஸ்கொயர் பைப், அதாவது 25 மில்லிமீட்டர். அதில் 14 கேஜ் என்றால் தகட்டின் கனம் 2 மில்லிமீட்டர். ஒரே ஒரு கையில் அத்தனை சுமையும் விழுந்தால் பைப்பின் மேல்விளிம்பில் சதுர மில்லிமீட்டருக்கு 27 கிலோவுக்கு மேல் தகைவு ஏற்படும். சாதாரண இரும்பு 25 கிலோவை ஒட்டியே நிரந்தரமாக வளைந்துவிடும். கை இரண்டானால் தகைவு பாதியாகக் குறைகிறது, நிம்மதி. ஆனால் கேஜைச் சொல்லாமல் விட்டால் 18 கேஜ் பைப் வந்து சேர வாய்ப்புண்டு. அதன் கனம் 1.2 மில்லிமீட்டர். கை இரண்டிருந்தும் தகைவு இருபதைத் தாண்டிவிடும். வெளியே இருந்து பார்க்க இரண்டு பைப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வாங்கும்போது வெட்டுமுனையைப் பார்ப்பது நல்லது.

‘பைப் எதற்கு, கெட்டியான கம்பியே போடுங்கள்’ என்று சிலர் அடம்பிடிப்பார்கள். கம்பியின் எடை கட்டடக்காரர் எல்லோருக்கும் மனப்பாடம்: விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 16 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ. மேலே சொன்ன 14 கேஜ் பைப் 1.44 கிலோ. எடை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வளைவை எதிர்க்கும் பலத்தில் பைப் மும்மடங்குக்கும் மேல். வளையும்போது மேல்விளிம்பு இழுபடுகிறது, கீழ்விளிம்பு நசுங்குகிறது, நடுவில் இருக்கும் இரும்போ சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சோம்பேறி இரும்பை எடுத்து விளிம்பில் வேலைக்குப் போட்டதுதான் பைப். சைக்கிளின் சட்டமும் பைப்பாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆவடியில் டியூப் கம்பெனி வைத்திருக்கும் முருகப்பா குழுமமே அம்பத்தூரில் சைக்கிளும் செய்வது தற்செயலானதல்ல.

இதுவரை சொன்னது ஒரே அடியில் உடைவதைப் பற்றி. கேரியர்கள் அப்படி உடைவது அபூர்வம். பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் ஒரு கேரியரின் கையை முழங்கையளவு தள்ளிப்பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்த மூத்த வெல்டர் சொன்னார்: “தம்பி, வெல்டு விடாது. வெல்டுக்கு அடுத்தாப்ல இருக்கிற பைப்புதான் விடும். எழுதி வச்சுக்கங்க.”

எழுதி வைக்க வேண்டிய வாக்கியம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகள் ஏன் திடீர் திடீரென்று முறிகின்றன என்று ஆராய்ந்தார். ஒருமுறை கொடுத்தால் இரும்பு அலட்டிக்கொள்ளாத சுமையை லட்சக்கணக்கான முறை மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒருநாள் முறிந்துவிடும் என்று கண்டார். உலோகக் களைப்பு என்கிற துறையே அங்கிருந்துதான் கிளம்பியது. வெல்டின் மேடும் பைப்பின் சமதளமும் சேருகிற கோட்டில் வடிவம் சட்டென்று மாறுகிறது. தகைவு அங்கே குவிகிறது. ராடு அதிக நேரம் நின்றிருந்தால் அந்த ஓரத்தில் சின்னப் பள்ளமும் விழுந்திருக்கும். பக்கத்து இரும்பு காய்ந்து ஆறியதில் உள்ளுக்குள் இழுவிசையும் தங்கியிருக்கும். விரிசல் பிறக்க இதைவிட வசதியான இடம் வேறில்லை. போதாததற்கு நம் வடிவமைப்பில் கையும் நிமிர்ந்த சட்டமும் சேருகிற இடத்தில்தான் திருப்புத்திறனும் உச்சம். உச்ச சுமையும் பலவீனமான இடமும் ஒரே புள்ளியில்!

இதற்கு வெல்டைக் கனமாகப் போடுவது தீர்வல்ல. மூட்டின் அடியில் ஒரு முக்கோணத் தகடு வைத்தால் சுமை ஒரே கோட்டில் விழாமல் பரவும். அதைவிட நல்லது, ஒரே பைப்பை பெண்டிங் மெஷினில் வளைத்துக் கையாகவும் காலாகவும் ஆக்கிவிடுவது. வளைவு இருக்கும், வெல்டு இருக்காது. ஸ்கொயர் பைப் வளைக்கும்போது நசுங்கும் என்பதால் இதற்கு உருண்டைப் பைப் வேண்டும். இரண்டு வளைவுகளையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தை, சுமை குறைவாக இருக்கும் நடுப்பகுதியில் போல்ட் போட்டுக்கொள்ளலாம். நைலாக் நட் போடுங்கள். சாதாரண நட் ஆட்டத்தில் கழன்றுவிடும்.

ஆட்டம் என்றதும் இன்னொன்று. வேகத்தடைக்கு முன்னால் சாலையின் குறுக்கே வரிசையாகத் தடித்த வெள்ளைப் பட்டைகள் போட்டிருப்பார்கள். மெதுவாகப் போனால் கேரியருக்கு நல்லது என்று நினைத்து அதன்மேல் ஊர்ந்து போகிறோம். சைக்கிளின் எடையில் கேரியரின் கை ஒரு சென்டிமீட்டர் தொய்ந்தால் அதன் இயல் அதிர்வெண் நொடிக்குச் சுமார் ஐந்து. பட்டைகளின் இடைவெளி அரை மீட்டர் என்றால், மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சரியாக நொடிக்கு ஐந்து குலுக்கல் கிடைக்கும். ஒத்ததிர்வு! கண்ணாடியில் பார்த்தால் சைக்கிள் சாமியாடும். தொய்வு குறைந்தால் அதிர்வெண் உயரும். ஆகவே இறுக்கமான கேரியரே நல்ல கேரியர். சக்கரங்களையும் பக்கவாட்டில் வண்டியோடு இழுத்துக் கட்ட வேண்டும். அதற்கு பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டுவது நம்மூர் வழக்கம். மதுரை வெயிலில் அந்த ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும். ரேச்செட் பெல்ட் வாங்குவதானால் பாலியெஸ்டர் வாங்குங்கள். நைலான் நனைந்தால் நீளும். பெல்ட்டை ஒரு திருகு திருகிக் கட்டினால் காற்றில் ‘ங்ஙொய்’ என்று அலறாது.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. பின்னால் தொங்கும் சைக்கிள் நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைக்கிறது. லாரியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளால் உயிர்கள் போனதையொட்டி, வண்டியின் பின்முனைக்கு வெளியே சுமை நீள்வதற்கு இருந்த சலுகை 2014இல் நீக்கப்பட்டது. 2017 டிசம்பரில் பம்பருக்கு முன்னால் போடும் ‘புல் பார்’களை அகற்றச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. போலீஸ்காரர் நிறுத்தினால் திருப்புத்திறன் கணக்கைக் காட்டித் தப்பிக்க முடியாது.

சரி, கூரைக்கே போகலாமா? குறுக்குச் சட்டம் போட்டு நிமிர்த்தி வைக்கலாம். எடை பிரச்சினையில்லை, கூரை தாங்கும் அளவு காரின் கையேட்டிலேயே இருக்கும். பிரச்சினை காற்று. நூறு கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒரு சைக்கிளைக் காற்று ஐந்து கிலோ அளவுக்குப் பின்னால் தள்ளும். சின்னக் கார் முழுவதையும் தள்ளுவதே முப்பது கிலோ சுமாருக்குத்தான். இரண்டு சைக்கிள் என்றால் காற்றுத்தடையில் மூன்றில் ஒரு பங்கு கூடும். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் மையர், யூச்சே சென்னுடன் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, கூரைக் கேரியர்களால் மட்டும் அந்நாட்டில் ஆண்டுக்குப் பத்துக் கோடி காலன், அதாவது கிட்டத்தட்ட 38 கோடி லிட்டர் பெட்ரோல் வீணாகிறது. அதில் கணிசமான பங்கு, மேலே ஒன்றும் வைக்காமலே சுற்றும் வெறுங்கேரியர்களால். இறக்கியதும் கழற்றி வைக்கிற சோம்பல் இல்லாதவர்களுக்கே கூரை சரி. வீட்டு போர்டிகோவின் உயரமும் நினைவிருக்க வேண்டும்.

கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் ரப்பர் கிண்ணக் கேரியர்களும் உண்டு. பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தை வளிமண்டலம் 180 கிலோ அளவுக்கு அழுத்திப் பிடிக்கிறது, மதுரையில். கொடைக்கானலின் உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், பிடியும் அப்படியே. இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் வீட்டில் செய்யத் தகுந்தது காருக்கு உள்ளே வைக்கும் கேரியர்தான். டிக்கியின் அகலத்துக்கு ஒரு தடித்த பலகை. அதன்மேல் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய பைப் துண்டு ஒன்றை யூ கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். பெரும்பாலான கியர் சைக்கிளின் முன்ஃபோர்க்கில் சக்கரம் உட்காரும் இடைவெளி இதே 100 மில்லிமீட்டர். பின்சீட்டை மடித்து, முன்சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கைப் பைப்பின் இரு முனைகளில் பொருத்தி, சக்கரத்தில் இருந்த குயிக் ரிலீஸ் கம்பியையே பைப்புக்குள் செருகி நெம்பை மடக்கினால் சைக்கிள் தானாக நிற்கும். நீட்டிய கை இல்லை, காற்று இல்லை, நம்பர் பிளேட் மறைவதில்லை. ஒன்று மட்டும் கவனம்: முப்பது கிலோமீட்டர் வேகத்தில் மோதி அரை மீட்டருக்குள் கார் நின்றால், 15 கிலோ சைக்கிள் 100 கிலோ விசையோடு முன்சீட்டைத் தேடி வரும். பலகையை டிக்கித் தரையில் இருக்கும் கொக்கிகளோடு பெல்ட் போட்டுக் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.