உடனடி வெந்நீர்க் குழாய்: வாங்கும் முன் பாருங்கள், ஏமாந்தால் கேளுங்கள்

சிங்க்கில் மாட்டிய குழாயைத் திறந்தால் நொடியில் வெந்நீர் வரும் என்று சொல்லி, ஹீட்டர் பொருத்திய குழாய்கள் ஆன்லைனில் மலிவாக விற்கின்றன. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரம் கழுவ இது நன்றாகவே உதவும். ஆனால் தண்ணீரும் மின்சாரமும் ஈரக்கைக்கு எட்டும் தூரத்தில் சேர்ந்திருக்கும் பொருள் இது. விலையை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

தண்ணீர் கொதிக்குமா?

பல குழாய்களில் 3,000 வாட் என்று போட்டிருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால், 30 டிகிரி தண்ணீர் 50 டிகிரியைத்தான் எட்டும். 1 லிட்டராகக் குறைத்தால் 70 டிகிரியைத் தாண்டலாம். அது கொதித்த நீர் அல்ல. குடிக்கத் தனியாகக் காய்ச்சத்தான் வேண்டும். ஆனால் தோலைப் பொசுக்க அந்தச் சூடு தாராளம். கையில் பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை தடவாதீர்கள்.

எங்கே ஆபத்து?

3,000 வாட் என்றால் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் 6 ஆம்பியர் பாயிண்டிலோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ செருகினால் ஒயர் சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும். தனி ஒயரில் 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். பிளக்கில் தடித்த மூன்றாவது பின்தான் எர்த். அது இல்லாத பொருளை வாங்கவே வேண்டாம். மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வரும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். எண் போலியென்றால் அதிலேயே புகார் செய்யலாம்.

கோளாறு வந்தால்?

ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் அவர் தீர்வு காண வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. குறையுள்ள பொருளால் காயமோ சேதமோ ஏற்பட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். ஆகவே கருகிய குழாயைக் குப்பையில் போடாதீர்கள். ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். பில், பெட்டி, விளம்பரப் பக்கத்தின் படம் மூன்றையும் அதனுடன் பத்திரப்படுத்துங்கள்.