மயிலின் நடுக்கமும் மாந்தர் இரக்கமும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த செய்தியைத் தமிழ் கற்றார் எவரும் அறிவர். மலைச்சாரலிலே நடுங்கி நின்ற மயிலைக் கண்டான். குளிரால் வருந்துகின்றதென உளங் கசிந்தான். தன் போர்வையை ஈந்தான். ஆராயாது வழங்கும் இவ்வியல்பினைப் பரணர் கொடைமடம் என்று போற்றினார். அக்கொடையைக் குறைகூறுதல் என் கருத்தன்று. ஆயினும், மயிலின் பக்கல் நின்று ஒரு வினாவை எழுப்பலாம். அதற்கு உண்மையிலே குளிர்ந்ததா? ஆண்மயில் தோகையை விரித்து அதிரச் செய்வது பெடையைக் கவர்தற்பொருட்டு என்பது விலங்கியலார் முடிபு.

இத்தகைய வினாவையே முதலாகக் கொண்டு ஒரு கல்வித்துறை இன்று பல்கலைக்கழகங்களிற் பயிலப்படுகின்றது. விலங்கின் நடத்தையையும் நலத்தையும் ஒருங்கே ஆராய்வது அது. 1964 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் றூத் ஹரிசன் என்னும் அம்மையார் ‘விலங்கு இயந்திரங்கள்’ என்ற பொருள்படும் நூலொன்றை வெளியிட்டார். நெருங்கிய கூடுகளில் அடைபட்ட கோழிகளின் நிலையை அறிந்து மக்கள் மனம் பதைத்தனர். அரசாங்கம் பேராசிரியர் பிறம்பெல் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைக் கோதவும், கால்களை நீட்டவும் பண்ணை விலங்கிற்கு இடம் வேண்டும் என 1965 இல் அக்குழு அறிவித்தது.

அவ்வறிக்கையிலே ஒரு சிறு பரிந்துரையும் இருந்தது. கோழிக்கூட்டின் தளத்திற்கு மெல்லிய அறுகோணக் கம்பிவலை ஆகாது; அது காலை வருத்தும் என்பது அது. நம் கண்ணுக்கும் அவ்வாறே தோன்றும். 1973 இல் ஹியூஸ், பிளாக் என்னும் ஆய்வாளர் இருவர் கோழிகளிடமே தீர்ப்பை விட்டனர். பலவகைத் தளங்களை அமைத்து, விரும்பியதிற் சென்று நிற்க விட்டனர். கோழிகளோ தடித்த கம்பித்தளத்தினும் அம்மெல்லிய வலையையே விரும்பின. கீழிருந்து பிடித்த படங்கள் காரணத்தைக் காட்டின: மெல்லிய வலை பாதத்தைப் பல இடங்களில் தாங்கியது. சான்றோர் இரக்கம் பொய்யன்று. ஆனால் அவர் கோழியின் காலால் நின்று பார்த்திலர்.

விருப்பத்தை அறிந்தாற் போதாது. அதன் வலிமையையும் அளக்கவேண்டும். மென்மயிர்த் தோலுக்காகப் பண்ணைகளில் வளர்க்கப்படும் மிங்க் என்னும் விலங்கை ஒக்ஸ்போட் ஆய்வாளர் சோதித்து 2001 இல் முடிபை வெளியிட்டனர். நீர்த்தொட்டி, விளையாட்டுப் பொருள், மாற்றுக்கூடு முதலியவற்றைத் தனித்தனி அறைகளில் வைத்து, கதவுகளிற் பாரத்தை ஏற்றினர். மிங்குகள் நீருக்காகவே மிகுதியாக உழைத்தன. நீர்த்தொட்டி மறுக்கப்பட்டபோது, உணவு மறுக்கப்பட்டாற் போன்ற உள நெருக்கடி அவற்றின் உடற்சுரப்பிலே புலப்பட்டது. எனினும், விரும்பியதெல்லாம் நன்மையாகாது. சிறுவன் இனிப்பை விரும்புவான் அல்லனோ? ஆதலின் விருப்பத்தோடு நோயும் காயமும் உடற்கூற்று மாற்றங்களும் ஒருங்கு வைத்து ஆராயப்படுகின்றன.

ஸ்கொத்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கெனவே முதுமாணிப் படிப்பொன்று 1990 இல் தொடங்கிற்று. இத்துறை மாணவர் நடத்தையியல், உடற்றொழிலியல், புள்ளிவிவரவியல் என்பவற்றோடு அறவியலையும் பயில்கின்றனர். ஒரு விலங்கு எப்போது உண்டது, எத்தனை முறை திரும்பியது, எப்போது ஒதுங்கியது என மணிக்கணக்காக இருந்து குறித்தலே அவர்தம் முதற் பயிற்சி. தம் எண்ணத்தை விலங்கின்மேல் ஏற்றாது கண்டதைக் கண்டவாறு எழுதுதல் எளிதன்று. உரையாசிரியன் தன் கருத்தைப் பாட்டின்மேல் ஏற்றாதிருத்தல் எத்துணை அரிதோ, அத்துணை அரிது அது.

எம் பாடசாலைகளிலே படியாத பிள்ளையை, “நீ மாடு மேய்க்கத்தான் ஏற்றவன்” என்று வைதல் நெடுநாள் வழக்கம். மாட்டின் காதசைவு கண்டு அதன் நோயை உணரும் மேய்ப்பனுடைய அறிவு இகழ்தற்குரியதா? அவ்வறிவையே அளவையும் சான்றும் கொண்டு வளர்த்துப் பிற நாட்டார் உயர் பட்டத்திற்குரிய கல்வியாக்கினர். வாயில்லாச் சீவன் என்று நாம் சொல்லும் உயிருக்கு மொழி இல்லாமல் இல்லை. பொறுமையோடு கேட்பாரே குறைவு. மாட்டையும் கோழியையும் விரும்பிப் பார்த்திருக்கும் பிள்ளையை இனியேனும் ஆசிரியரும் பெற்றோரும் வையாதொழிக. இப்படியும் ஒரு படிப்பு உண்டு என்று அவனுக்கு எடுத்துச் சொல்லுக.