அளந்து பின்னிய கோடைப் பாவாடை

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவிக் கரையில் உடையைப் பற்றிய எண்ணமே மாறிவிடுகிறது. வைகாசி தொடங்கி ஆவணி வரையில் மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று, வயல்வெளியின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து முகத்தில் எறியும். அந்நாட்களில் பாலியெஸ்டர் துணி உடுத்தியவர் படும் பாடு சொல்லுந் தரமன்று. பருத்தியே உடலுக்கு இதம். அப்பருத்தியிலும், கண்கண்ணாகக் காற்று புகும்படி குறோஷே ஊசியாற் பின்னிய பாவாடைக்கு ஈடு வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் இந்த அபிப்பிராயத்துக்கு நான் வந்து சேர்ந்த வழி அத்துணை நேரானதன்று.

மண்டூர், வாவியின் மேற்கே படுவான்கரையில் இருக்கும் ஊர். சின்னக் கதிர்காமம் என்று அடியார்கள் போற்றும் கந்தசுவாமி கோயிலால் பெயர் பெற்றது. எதிரே எழுவான்கரையிற் குருமண்வெளித் துறை. இரு துறைகளுக்கும் இடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் தட்டையான படகை எங்கள் பகுதியார் ‘பாதை’ என்றே வழங்குவர். சில ஆண்டுகளுக்கு முன், ஆவணித் தீர்த்தத் திருவிழாவுக்கு வந்த என் தமையனார் மகள், நான் பின்னிக் கொடுத்த பாவாடையை உடுத்திக்கொண்டு அந்தப் பாதையில் ஏறினாள். பலகையிற் கால் வைத்தபோது பாவாடையின் விளிம்பு காலிற் சிக்கியது. பக்கத்தில் நின்ற ஒருவர் கையைப் பிடித்திராவிட்டால் வாவியில் விழுந்திருப்பாள்.

அவளுக்குப் பிறவியிலேயே இடக்கால் சற்றுக் குட்டை. கடையில் வாங்கும் எந்தப் பாவாடையும் அவளுக்கு ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் தாழ்ந்தே நிற்கும். அதனாலேயே, “மாமி, எனக்கென்று அளவாக ஒன்று பின்னித் தாங்கோ” என்று கேட்டிருந்தாள். நானோ அளவு பாராமல், கண்மதிப்பில் பின்னிவிட்டேன். உடுத்திப் பார்த்த அன்று முழங்காலுக்குக் கீழே அழகாகத்தான் நின்றது. ஒருமுறை தோய்த்துக் கொடியில் தொங்கவிட்டதும் நான்கு அங்குலம் இறங்கிவிட்டது. இறங்கியதும் இடப்பக்கமே அதிகம் தாழ்ந்து நின்றது. பதினைந்து வயதுப் பிள்ளை, “இனி எனக்குப் பாவாடை வேண்டாம் மாமி” என்று சொன்னபோது எனக்குண்டான வெட்கத்தை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

பருத்தி நூல் கம்பளி நூலைப் போன்றதன்று. கம்பளி இழுத்தால் நீண்டு மீண்டும் சுருங்கும். பருத்திக்கு அந்த மீள்தன்மை குறைவு. பாவாடையின் எடை முழுவதையும் மேலேயுள்ள வரிகளே தாங்குகின்றன. ஆதலின் பின்னல் நாளுக்கு நாள் கீழ்நோக்கி நீளும். இதை முன்கூட்டியே கணக்கிட ஒரே வழி, மாதிரித் துண்டு ஒன்று பின்னிப் பார்ப்பது. ஒரு மாலைப் பொழுது வீணாகிறதே என்று பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

இரண்டாம் முறை நான் எடுத்துக்கொண்டது நாலிழைப் பருத்தி நூலும் 3.5 மி.மீ. ஊசியும். மினுமினுப்பான மெர்சரைஸ் நூல் உறுதியாலும் சாயம் நிலைப்பதாலும் சிறந்தது. நூலைக் காரத்தில் தோய்த்து உறுதியூட்டும் இம்முறைக்கு ஜான் மெர்சர் என்னும் ஆங்கிலேயர் 1850இற் காப்புரிமை பெற்றார். அவர் பெயரே நூலுக்கும் நிலைத்துவிட்டது.

பின்னலுக்கு வேண்டியது ஒரே ஒரு கண்ணி. ஊசியில் நூலை ஒருமுறை சுற்றி, கண்ணிக்குள் நுழைத்து நூலை இழுத்து, பின்னர் இரண்டிரண்டு வளையமாக இருமுறை கழற்றினால் அது நெடுங்கண்ணி. இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பள்ளிக்கூடங்களில் ஆங்கில முறைப்படி இதை ‘ட்றெபிள்’ என்று கற்பித்தனர். அமெரிக்கப் புத்தகங்களில் இதே கண்ணிக்கு ‘டபிள் குறோஷே’ என்று பெயர். ஆங்கிலேயரின் ‘டபிள் குறோஷே’யோ இதிலும் குட்டையான வேறு கண்ணி. புத்தகம் எந்த நாட்டது என்று பாராமல் பின்னத் தொடங்கினால் பாவாடை பாதி நீளத்தில் நின்றுவிடும்.

30 கண்ணி அகலத்தில் 15 வரி பின்னினேன். ஆறு அங்குலச் சதுரம் கிடைத்தது. ஓரங்களை விட்டு நடுவில் நான்கு அங்குலத்தை அளந்தபோது குறுக்கே 20 கண்ணி, நெடுக்கே 10 வரி. அதாவது அங்குலத்துக்கு 5 கண்ணி, இரண்டரை வரி. பின்னர்த் துண்டைத் தோய்த்து உலர்த்தி, கீழோரத்தில் துணிக்கவ்விகள் ஏழெட்டை மாட்டி ஓர் இரவு முழுவதும் தொங்கவிட்டேன். மறுநாட் காலையில் நான்கு அங்குலம் நாலேகால் அங்குலமாக நீண்டிருந்தது. முன்னைய பாவாடையின் குற்றம் அத்துண்டில் அப்படியே தெரிந்தது. எவ்வளவு நூல் வேண்டும் என்பதையும் துண்டே சொல்லும். அது 16 கிராம் நிறுத்தது. பாவாடையின் பரப்பு அத்துண்டைப் போல் ஏறக்குறைய 29 மடங்கு. ஆகவே 460 கிராம் அளவில் வேண்டும். 50 கிராம் உருண்டைகள் பத்து, ஒரே சாய எண்ணுள்ளவையாகப் பார்த்து வாங்கினேன்.

பிள்ளையின் இடை 28 அங்குலம். இடுப்பின் அகன்ற பகுதி 36. இடையிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை 26. தொங்கியபின் 26 அங்குலம் ஆக வேண்டுமானால் பின்ன வேண்டியது இருபத்துநாலரை அங்குலமே, வரிக்கணக்கில் 61. இடைக்கு 32 அங்குலமாக வைத்து, நாடாவால் சுருக்கிக் கட்டலாம் என்று கொண்டால் தொடக்கம் 160 கண்ணி. இடுப்பு 36 என்றால், இருந்தெழும்பச் சௌகரியமாக இரண்டு அங்குலம் கூட்டி 38. அதற்கு 190 கண்ணி.

இனிப் பின்னும் முறை மிக எளிது. தொடக்கச் சங்கிலியை மட்டும் ஒரு பருமன் கூடிய ஊசியாற் தளர்த்திப் போட்டு, முறுக்கு விழாமல் வட்டமாக இணைத்துக்கொள்ள வேண்டும். அது இறுகினால் பாவாடை இடுப்பால் இறங்காது. ஒவ்வொரு வரியும் மூன்று சங்கிலியுடன் தொடங்கும். அதுவே முதற் கண்ணியாகக் கணக்கு. வரி முடிந்ததும் இணைத்து, வேலையைத் திருப்பிப் பிடித்து எதிர்த்திசையிற் பின்னிவர வேண்டும். திருப்பாமல் ஒரே திசையிற் போனால் இணைப்புக் கோடு சரிந்து சரிந்து முன்பக்கத்துக்கு வந்துவிடும். ஆறாவது வரியில் பதினாறு கண்ணிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு கண்ணி போட்டால் பத்துக் கண்ணி கூடும். பன்னிரண்டாவது வரியில் பதினேழுக்கு ஒருமுறை, பதினெட்டாவதிற் பதினெட்டுக்கு ஒருமுறை என, ஆறு வரிக்கு ஒருதரம் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டே போகலாம். பதினெட்டாவது வரியில் 190 வந்துவிடும். அது இடையிலிருந்து சுமார் ஏழரை அங்குலம், இடுப்பின் அகன்ற இடம். அறுபதாவது வரியில் 260 கண்ணி, அதாவது 52 அங்குல விளிம்பு. எட்டி நடக்கவும், படகுப் பலகை ஏறவும் அந்த அகலம் தாராளம். கூட்டும் இடங்களை ஒவ்வொரு முறையும் சற்று மாற்ற வேண்டும். இல்லையேல் குடைக்கம்பி போல் வரை வரையாகத் தெரியும்.

மேலிருந்து கீழாகப் பின்னுவதன் பெரும் பயன், இடையிடையே உடுத்திப் பார்க்கலாம் என்பதே. மூன்று வரி ஆனதும் ஒருமுறை, பதினெட்டு வரி ஆனதும் ஒருமுறை அவளை அழைத்து உடுத்தச் செய்தேன். தையற்காரரும் அளவெடுத்துத் தைப்பார். ஆனால் கத்தரி பட்ட துணி பட்டதுதான். பின்னலோ ஒரு நுனியைப் பிடித்திழுத்தால் மீண்டும் நூலாகிவிடும்.

பிள்ளையின் இடுப்புச் சரிவுக்கு வருவோம். செருப்பில்லாமல் நேராக நிற்கச் செய்து, இடையிலிருந்து நிலம் வரை இருபக்கமும் தனித்தனியே அளந்தேன். இடப்பக்கத்தை விட வலப்பக்கம் முக்கால் அங்குலம் கூட இருந்தது. முக்கால் அங்குலம் என்பது ஏறக்குறைய இரண்டு வரி. எனவே பத்தாவது வரி முடிந்ததும், வலப்பக்கத்துக் கண்ணிகள் எண்பதின்மேல் மட்டும் தனி நூலால் ஒரு வரி பின்னினேன். திரும்பி, இரு ஓரத்திலும் பத்துப் பத்து விட்டு, நடு அறுபதின்மேல் இன்னொரு வரி. இக்குறைவரிகளின் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று மூன்று கண்ணிகளைக் குட்டையிலிருந்து நெட்டையாகவும், நெட்டையிலிருந்து குட்டையாகவும் போட்டால் படி தெரியாது. இவ்விரு வரிகளும் 61 என்ற கணக்கிற் சேரா. பிறகு பதினோராவது வரியை வழக்கம்போல் வட்டமாகத் தொடர்ந்தேன். உடுத்திப் பார்த்தபோது விளிம்பு நிலத்திலிருந்து எப்பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது. அவள் கண்ணாடியின் முன் நெடுநேரம் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது வரியின் கண்ணி இடைவெளிகளால் நாடாவைக் கோத்துக்கொள்ளலாம். சங்கிலி போட்டு அதன்மேற் திரும்பி வந்தால் நாடா உறுதியாயிருக்கும். 52 அங்குலம் போதும். உள்ளே மெல்லிய வொயில் உட்பாவாடை அவசியம்.

இப்பாவாடையில் மொத்தம் எத்தனை கண்ணி என்று ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். குறைவரிகள் நீங்கலாக 12,660. நிமிடத்துக்குப் பத்துக் கண்ணி என்றால் 21 மணித்தியாலம். துணி நெய்ய இயந்திரம் உண்டு. கம்பளிச் சட்டை பின்னவும் உண்டு. ஆனால் கடையில் விற்கும் குறோஷே உடையை யாரோ ஒருத்தி ஊசியைக் கையிற் பிடித்துத்தான் பின்னியிருக்கிறாள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து அயர்லாந்து பஞ்சத்தில் வீழ்ந்தபோது, கன்னியாஸ்திரீகள் கற்பித்த குறோஷே வேலையால் எத்தனையோ குடும்பங்கள் உயிர் பிழைத்தன. ஆந்திர நாட்டில் கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாப்பூரிலும், பாதிரிமார் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வேலையைப் பரப்பினர். அங்கே வீட்டிலிருந்தபடி பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் தொழிலாளர் அல்லர், ஓய்வு நேரத்திற் பின்னும் இல்லத்தரசிகள் என்று கருதப்பட்டமையால் கூலி அற்பமாயிற்று; இலாபம் வியாபாரிகளைச் சேர்ந்தது என்று அவர் காட்டினார். அந்நரசாப்பூர்ப் பின்னலுக்கு 2024இற் புவிசார் குறியீடும் கிடைத்தது. மலிவான குறோஷே பாவாடை ஒன்றைக் கடையிற் காணும்போதெல்லாம், அந்த 21 மணித்தியாலத்துக்கு யாருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க என்னால் முடிவதில்லை. ‘சும்மா இருக்கும் நேரத்திற் செய்வதுதானே’ என்று நம் வீடுகளிலும் சொல்வதுண்டு.

தோய்ப்பதிலும் கவனம் வேண்டும். நனைந்த பருத்தி எடை மிகுந்தது; பிழியாமல் துவாயிற் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் பன்பாயின்மேல் விரித்து உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிடவே கூடாது.

அந்தப் பாவாடையை அவள் இரண்டு கோடை உடுத்தினாள். பிறகு ஓர் அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டாள். கடைசி வரியின் முடிச்சை அவிழ்த்து, மேலும் நான்கு வரி பின்னிச் சேர்த்தேன். பழைய சாய எண்ணுள்ள நூல் எங்கும் கிடைக்கவில்லை. ஆதலின் நீல விளிம்பு வைத்துவிட்டோம். இப்போது தன் சிநேகிதிக்கு ஒன்று பின்ன ஊசி கேட்கிறாள். மாதிரித் துண்டு பின்னிக் காட்டினால் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.