வலை வீட்டில் இருக்கிறது. நேற்று இரவு அதற்குள் யார் படுத்தார்கள்?

மீள்குடியேறும் குடும்பங்களுக்குக் கொடுக்கப்படும் பொருட்களில் தறப்பாள், பாய், சட்டி பானை, மண்வெட்டி ஆகியவற்றோடு நுளம்பு வலையும் இருக்கும். தறப்பாளை அன்றைக்கே கட்டிவிடுவீர்கள். மண்வெட்டி மறுநாள் காலையே பற்றை வெட்டப் போய்விடும். நுளம்பு வலை மட்டும் பல வீடுகளில் பொதி பிரிக்காமல் பெட்டிக்குள் கிடப்பதை எங்கள் பணியாளர்கள் காண்கிறார்கள். "வீடு கட்டி முடியட்டும், பிறகு கட்டுவம்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். வீடு கட்டி முடிய எத்தனை மாரி போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இதனால் வீடு வீடாக விபரம் எடுக்க வருபவர்கள் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். வீட்டில் எத்தனை வலை இருக்கிறது என்பது ஒன்று. நேற்று இரவு வலைக்குள் படுத்தவர்கள் யார் யார் என்பது மற்றது. இரண்டாவது கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கும் வலை எவரையும் நுளம்புக் கடியிலிருந்து காப்பாற்றாது.

மலேரியாதான் இல்லாமல் போய்விட்டதே?

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி இது. இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளர் 2012 ஒக்ரோபரில் இனங்காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்ட நோய் இது. போர்க்காலத்தில் வன்னிக்கு இடம்பெயர்ந்தவர்களில் எத்தனையோ பேர் குளிரும் நடுக்கமுமாகப் படுத்துக் கிடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் ஒருமுறை இதேபோல நோயை வென்றுவிட்டோம் என்று நினைத்து ஏமாந்த நாடு இது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர்களே இருந்தார்கள். மருந்து விசிறுவதும் இரத்தம் சோதிப்பதும் தளர்ந்தன. 1968, 1969இல் இலட்சக்கணக்கானோருக்கு மலேரியா மீண்டும் வந்தது.

இப்போதும் கிருமி உள்நாட்டில் பரவவில்லையே தவிர, அதைக் காவும் நுளம்பு இங்கேதான் இருக்கிறது. புதிதாக ஒரு நுளம்பும் வந்து சேர்ந்திருக்கிறது. அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்பது அதன் பெயர். சென்னை போன்ற நகரங்களில் கிணறுகளிலும் மேல்நிலைத் தண்ணீர்த் தாங்கிகளிலும் பெருகி மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இதுதான். 2016இன் கடைசியில் மன்னாரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாண நகரிலும் காணப்பட்டது. ஆறு இல்லாத குடாநாட்டில் மலேரியா நுளம்புக்கு என்ன வேலை என்று முன்பு கேட்கலாம். கிணற்றிலேயே முட்டையிடும் நுளம்புக்கு ஆறு தேவையில்லை. வளவுக்கொரு கிணறு உள்ள ஊர் நமது.

1990இல் விட்டுப்போன மயிலிட்டி, தையிட்டி, காங்கேசன்துறைப் பக்கக் காணிகளுக்குத் திரும்புபவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விடயம். ஆண்டுக்கணக்காக இறைக்காத கிணறு, கல் அகழ்ந்த கிடங்கில் தேங்கிய மழைநீர், கூரை போன வீட்டின் உடைந்த தொட்டி எல்லாம் அங்கே இருக்கின்றன. இப்படியான கிணறு உங்கள் வளவில் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். குடம்பிகளைத் தின்னும் கப்பி மீன்களை விடுவதா, வேறு வழி செய்வதா என்பதை அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். நீங்களாகக் கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். அது நாளைக்கு நீங்கள் குடிக்கப்போகும் தண்ணீர். கிணற்றைத் துப்புரவாக்க இறங்குவதற்கு முன், அந்தக் காணியில் கண்ணிவெடி, வெடிபொருள் அகற்றும் வேலை முடிந்ததா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

எத்தனை வலை போதும்?

இரண்டு பேருக்கு ஒரு வலை என்பது பொதுவான கணக்கு. ஆனால் வீட்டில் தலைகளை எண்ணுவதைவிடப் படுக்கும் இடங்களை எண்ணுவது நல்லது. ஆறு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாயும் கைக்குழந்தையும் கட்டிலில், இரண்டு பிள்ளைகள் பாயில், அம்மம்மா விறாந்தையில், தகப்பன் வெக்கை தாங்காமல் முற்றத்தில் என்றால் படுக்கும் இடங்கள் நான்கு. கணக்குப்படி கிடைத்த மூன்று வலைகளில் யாரோ ஒருவர் வெளியே நிற்கப்போகிறார். அநேகமாக அது அம்மம்மாவாகவோ தகப்பனாகவோ இருக்கும். படுக்கையைக் கொஞ்சம் மாற்றி அமைத்தால் எல்லோரையும் வலைக்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கைக்குழந்தைகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிக்கும் முதலிடம் கொடுங்கள். கூடுதல் வலை தேவை என்பதை எங்கள் களப்பணியாளரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

தற்காலிகக் கொட்டிலில் வலை கட்ட இடமில்லை என்பார்கள். கூரைத் தடிகளில் நான்கு கயிறு போட்டால் போதும். முற்றத்தில் படுப்பவர் பாயின் நான்கு மூலையிலும் தடி நட்டுக் கட்டலாம். வலையின் கீழ்ப்பக்கத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிவிடுங்கள். இருட்டத் தொடங்கியதும் இந்த நுளம்பு கடிக்கத் தொடங்கும் என்பதால், பிள்ளைகள் நித்திரையான பிறகு பெரியவர்கள் படுக்க வரும்வரை வலையைச் சுருட்டி வைத்திருக்க வேண்டாம். புழுக்கம் இருக்கத்தான் செய்யும், அதை இல்லையென்று சொல்ல மாட்டோம். தகரக் கூரைக்குக் கீழே படுக்க முடியாவிட்டால் வலையோடு வெளியே படுங்கள்; வலையை விட்டுவிட்டு வெளியே படுக்காதீர்கள்.

கொடுக்கப்படுவது மருந்தூட்டிய வலையாக இருந்தால், முதலில் ஒரு நாள் நிழலில் விரித்து வைத்துவிட்டுப் பாவியுங்கள். ஆரம்பத்தில் சிலருக்குத் தோலில் லேசான எரிவு வரலாம். சில நாளில் போய்விடும். அழுக்கானால் சாதாரண சவர்க்காரத்தாலும் பச்சைத் தண்ணீராலும் மெதுவாகக் கழுவி நிழலில் காயவிடுங்கள். வெளிற்றும் தூளும் கொதிநீரும் வேண்டாம், கல்லில் அடித்துத் துவைக்கவும் வேண்டாம். சுமார் 20 தடவை கழுவும்வரை மருந்து நிற்கும்படி தயாரிக்கப்பட்டது அது. கிழமைக்கொரு தடவை கழுவினால் ஆறு மாதம் தாண்டாது. ஓட்டை விழுந்தால் தைத்துவிடுங்கள். கழுவிய தண்ணீரைக் குளத்திலோ கடலேரியிலோ ஊற்ற வேண்டாம். மருந்து மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. அதே காரணத்துக்காக இந்த வலையால் மீன் பிடிப்பதும் கூடாது; அதன் சிறிய கண்ணில் குஞ்சும் தப்பாது. கத்தரிப் பாத்திக்கும் கோழிக் கூட்டுக்கும் பழைய வலை போதும், புதியது படுக்கைக்கு.

டெங்குவைக் காவும் நுளம்பு வேறு. அது பகலில் கடிக்கும். பகலில் நித்திரை கொள்ளும் குழந்தைக்கும் டெங்குக் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் பகலிலும் வலை கட்டுங்கள்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஒருமுறை மலேரியா இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வைவாக்ஸ் என்னும் வகைக் கிருமி கல்லீரலில் மாதக்கணக்காக உறங்கிக் கிடந்து பிறகு எழும்பக்கூடியது. நன்றாக நடமாடும் ஒருவருடைய இரத்தத்திலும் கிருமி இருக்கலாம். அவரைக் கடித்த நுளம்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும். 2018 டிசெம்பரில் மொனராகலை மாவட்டத்தில் நடந்தது இதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் உடலில் இருந்த கிருமி நுளம்பு வழியாக உள்ளூரில் ஒருவருக்குத் தொற்றியது. இதைச் சொல்வது எவரையும் நோய் கொண்டுவந்தவர்கள் என்று ஒதுக்குவதற்கல்ல. திரும்பி வந்த அயலவரோடு பழகுவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ மலேரியா தொற்றாது.

பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ அரச வைத்தியசாலையிலோ கேட்டால் மலேரியாத் தடை இயக்கத்தின் பணியாளர்களோடு தொடர்புபடுத்துவார்கள். வைவாக்ஸ் உறுதியானால் கல்லீரல் கிருமிக்கான மாத்திரையை 14 நாட்கள் எடுக்க வேண்டியிருக்கும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், அதோடு பலர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்த வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரை கொடுப்பதில்லை என்பதால் கர்ப்பமாக இருப்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் கண்டால், கடையில் பனடோல் வாங்கிப் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதைய இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளரை நேரில் கண்டிருக்க மாட்டார்கள். காய்ச்சல் என்றதும் டெங்குவைத்தான் முதலில் நினைப்பார்கள். ஆகவே அவர் கேட்கும்வரை காத்திராமல், எந்த நாட்டிலிருந்து எந்த மாதம் வந்தீர்கள் என்பதையும் மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கும்படியும் நீங்களே சொல்லுங்கள்.