'நாட்டில் வீட்டு விலை உயர்வு': அந்தச் செய்தி உங்கள் பகுதிக்குப் பொருந்துமா?

புதுடெல்லி: காலாண்டுக்கு ஒருமுறை, 'நாட்டில் வீட்டு விலை உயர்வு' என்ற செய்தி தவறாமல் வெளியாகிறது. வங்கிக் கடனை நம்பி முதல் வீடு வாங்கக் காத்திருக்கும் குடும்பம் அதைக் கண்டு பதறுகிறது. இனியும் தாமதித்தால் கைக்கு எட்டாது என்று அவசரமாக முன்பணம் கட்டிவிடுவோரும் உண்டு. அந்தச் செய்தியில் வரும் 'நாடு' எது என்று பெரும்பாலானோர் பார்ப்பதில்லை.

தனியார் சொத்து ஆலோசனை நிறுவனங்களின் அறிக்கைகள் பெரும்பாலும் மும்பை, டெல்லி தலைநகர்ப் பகுதி, பெங்களூரு, ஹைதராபாத், புனே, சென்னை, கொல்கத்தா ஆகிய 7 பெருநகரங்களையே கணக்கில் கொள்கின்றன. சிலவற்றில் அகமதாபாத்தும் சேரும். ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு நெடுங்காலம் 10 நகரங்களை மட்டுமே உள்ளடக்கியிருந்தது. தேசிய வீட்டுவசதி வங்கி 2007-ல் தொடங்கிய 'ரெசிடெக்ஸ்' குறியீடு 50 நகரங்கள் வரை விரிந்துள்ளது. மற்ற நகரங்களில் விலை ஏறினாலும் இறங்கினாலும் தலைப்புச் செய்தியில் அது எதிரொலிப்பதில்லை.

'சராசரி விலை' என்ற சொல்லும் கவனத்துக்குரியது. ஓர் எடுத்துக்காட்டு: ஒரே பரப்பளவு கொண்ட 10 வீடுகள் ஒரு நகரில் விற்பனையாகின்றன. அவற்றுள் 6 வீடுகள் சதுர அடி ரூ.5,000-க்கும், 4 வீடுகள் ரூ.10,000-க்கும் விற்றால் சராசரி ரூ.7,000. மறு ஆண்டு மலிவான வீடுகள் 4, விலை கூடிய வீடுகள் 6 என விற்பனை மாறினால் சராசரி ரூ.8,000 ஆகிவிடும். எந்த வீட்டின் விலையும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆயினும் '14 சதவீத உயர்வு' என்று எழுத இடமுண்டு. சொகுசு வீடுகளின் விற்பனை பெருகும் காலங்களில் இந்த மயக்கம் அதிகம்.

பதிவு ஆவணங்களை அடிப்படையாகக் கொண்ட குறியீடுகளுக்கு வேறொரு குறை உண்டு. முத்திரைத்தாள் கட்டணத்தைக் குறைப்பதற்காக, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பை ஒட்டியே விலையைக் காட்டும் வழக்கம் பல இடங்களில் நீடிக்கிறது. கைமாறும் தொகை வேறு, ஆவணத்தில் ஏறும் தொகை வேறு.

ஒரு நகரத்துக்குள்ளேயே நிலைமை எவ்வளவு மாறுபடும் என்பதற்கு டெல்லி தலைநகர்ப் பகுதியே சான்று. அறிக்கைகளில் அது ஒரே வரி. உண்மையில் டெல்லி, ஹரியானாவின் குருகிராம், ஃபரீதாபாத், உத்தரப் பிரதேசத்தின் நொய்டா, காஜியாபாத் என மூன்று அரசுகளின் கீழ் வரும் பரப்பு அது. வழிகாட்டி மதிப்பு, முத்திரைக் கட்டணம், ஒழுங்குமுறை ஆணையம் ஆகிய அனைத்தும் தனித்தனி. குருகிராமின் புதிய விரைவுச் சாலையோரம் விலை ஏறிய அதே ஆண்டுகளில், நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் பாதியில் நின்ற அடுக்குமாடிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் மாதத் தவணையையும் வீட்டு வாடகையையும் சேர்த்தே செலுத்திவந்தனர். நாடு முழுவதும் முடங்கிய திட்டங்களில் சுமார் 4.12 லட்சம் வீடுகள் சிக்கியிருப்பதாகவும், அவற்றில் ஏறத்தாழ 2.4 லட்சம் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்றும் அமிதாப் காந்த் தலைமையிலான குழு 2023-ல் சுட்டிக்காட்டியது. 'டெல்லியில் விலை உயர்வு' என்ற செய்தி அவர்களுக்கு என்ன பயன் தரும்?

மாநில அரசின் ஓர் ஆணைகூடப் படத்தை மாற்றிவிடும். 2020 செப்டம்பரில் மகாராஷ்டிர அரசு முத்திரைக் கட்டணத்தைத் தற்காலிகமாகக் குறைத்தபோது மும்பையில் பத்திரப்பதிவுகள் குவிந்தன. அதை நாடு தழுவிய மீட்சியாக வாசித்தவர்கள், சலுகைக்கு இறுதி நாள் இருந்ததைக் கருதவில்லை.

வாங்க நினைப்பவருக்குத் தேவையான தகவல் அவர் பார்க்கும் தெருவிலேயே இருக்கிறது. அண்மையில் அங்கு பதிவான விற்பனைகள், குடிநீர் வசதி, வாடகை நிலவரம், காலியாகக் கிடக்கும் வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை நேரில் விசாரித்தறியலாம். கட்டுமானத்தில் உள்ள திட்டமெனில், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டுமான நிறுவனம் ஒவ்வொரு காலாண்டும் பணி நிலவரத்தையும் முன்பதிவான வீடுகளின் எண்ணிக்கையையும் மாநில ஆணையத்தின் இணையதளத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும்.