டிராக்டரின் கிளட்ச் உருளை

‘அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது’ என்பது பழமொழி. பெரும்பொறியின் இயக்கமும் சிற்றுறுப்பு ஒன்றைச் சார்ந்து நிற்கும் என்பதை இஃது உணர்த்துகின்றது. டிராக்டரின் கிளட்ச் உருளை அத்தகையதோர் உறுப்பாகும்.

எஞ்சினின் ஆற்றலைச் சக்கரங்களோடு சேர்ப்பதும், வேண்டும்பொழுது பிரிப்பதும் கிளட்சின் தொழில். ஓட்டுநர் மிதியை அழுத்தினால் அவ்விணைப்புப் பிரியும். மிதியின் அழுத்தத்தைச் சில டிராக்டர்களில் இரும்புக் கோல்கள் கொண்டு செல்கின்றன. வேறு சிலவற்றில் குழாயில் அடைபட்ட நீர்மம் கொண்டு செல்கின்றது. இவ்வகையில், மிதியை ஒட்டி அமைந்தது தலைமை உருளை. கிளட்சை ஒட்டி அமைந்தது துணை உருளை. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாது எப்பக்கமும் பரவும். பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623–1662) விளக்கிய இவ்வுண்மையே இவ்வமைப்புக்கு அடிப்படை.

தலைமை உருளையினுள் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்தால் நீர்மம் கசியும். மிதி தடையின்றித் தாழும். கியர் மாற்றுங்கால் பற்கள் உரசி ஒலிக்கும். இதனைச் சிறு குறையென்று விட்டுவிடலாகாது. கலப்பையை மாட்டுதற்கு ஒருவர் டிராக்டரின் பின்னே நிற்கின்றார் என்று கொள்வோம். மிதியை அழுத்தியும் கிளட்ச் பிரியாவிடின், பின்னோக்கி வரும் வண்டி நில்லாது அவரை நெருக்கிவிடும். ஆதலின், குறை கண்டவுடன் உருளையை மாற்றுதலே அறிவுடைமை.

முதலில் வண்டியைச் சமநிலத்தில் நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தல் வேண்டும். உருளையைச் சுற்றியுள்ள புழுதியை நன்கு துடைத்தல் வேண்டும். ஒரு மணல் துகளும் புதிய ரப்பரைக் கீறிவிடும். பின்னர்ப் பழைய நீர்மத்தை எடுத்துவிட்டு, மிதியின் இணைப்பையும் குழாயையும் திருகாணிகளையும் கழற்றி, பழைய உருளையை அகற்றுவர். புதியதைப் பொருத்துங்கால், மரை பிறழாதிருத்தற்பொருட்டுக் குழாயை முதலில் கையாலேயே திருகுவர். மிதியின் கோலுக்கும் உருளையின் உந்துதண்டுக்கும் இடையே, கையேடு குறிக்கும் சிறு இடைவெளியை விடுவர். அஃதின்றேல் தண்டு முற்றும் மீளாது. கிளட்ச் வழுக்கித் தேயும்.

கையேடு கூறும் நீர்மத்தையே ஊற்றுதல் வேண்டும். பிரேக் நீர்மத்திற்கென அமைந்த உருளையில் கனிம எண்ணெயை ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும்.

இனி எஞ்சியிருப்பது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றல். நீர்மம் எளிதில் சுருங்காது, காற்றோ சுருங்கும். ஆதலின் காற்று நின்றால், மிதிப்பவர் தரும் விசை அதனைச் சுருக்குவதிலேயே கழியும், கிளட்சைச் சென்றடையாது. இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிப்பார். மற்றவர் துணை உருளையின் காற்றுத் திருகினைச் சிறிது திறப்பார். நீர்மத்தோடு குமிழிகள் வெளிவரும். திருகினை மூடிய பின்னரே மிதியை விடுதல் வேண்டும். முன்னர் விட்டால் வெளிக்காற்று உட்புகும். குமிழி அறவே நிற்கும்வரை இவ்வாறு செய்து, மேற்கலத்தில் நீர்மம் குறையுந்தோறும் நிரப்புவர்.

மாணவர்களே! புதிய உருளை பொருத்தப்பட்டும், உள்ளே சிறிது காற்று நின்றுவிட்டால் வேலை நிறைவுறாது. கண்ணுக்குப் புலப்படாத இடத்திலும் குறை வையாது செய்வதே செம்மையான தொழில். பிறர் உயிரைக் காப்பதும் அதுவே.