குழாயடி வரை போகாத நிபந்தனை

2017 ஜூன் மாதம் கோவிந்தாபுரம் என்ற பெயர் கேரளச் செய்திகளில் தொடர்ந்து அடிபட்டது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து எல்லையைத் தாண்டியதும் வரும் ஊர் அது. பாலக்காடு மாவட்டம், முதலமடை பஞ்சாயத்து. அங்குள்ள அம்பேத்கர் காலனியில் வாழும் அருந்ததியர் குடும்பங்கள், கேரள அரசின் பட்டியலில் சக்கிலியர் என்று குறிக்கப்படுபவர்கள், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி எழுந்த தகராறுக்குப் பிறகு தங்கள் நிலையை வெளியே சொன்னார்கள். டீக்கடையில் தனி டம்ளர், முடிவெட்ட மறுப்பு, பொதுக்குழாயில் மற்றவர்கள் பிடித்து முடித்த பிறகே தண்ணீர் என்பவை அவர்களின் புகார்கள். அப்படியெல்லாம் எதுவுமில்லை, இது கட்சிச் சண்டை என்று மறுத்தவர்களும் இருந்தார்கள். அந்த விவாதம் முழுவதும் யார் யாரை ஒதுக்கினார்கள் என்பதைச் சுற்றியே நடந்தது. டீக்கடையையும் குழாயையும் ஒரே வரிசையில் வைத்துப் பேசினார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. டீக்கடை ஒருவருடைய சொந்த முதல். குழாயும் தொட்டியும் அரசுப் பணம். அரசுப் பணத்தில் ஓடும் குழாயில் ஒருவர் சாதி காரணமாகக் காத்து நிற்க வேண்டியிருந்தால், அது அக்கம்பக்கத்தார் செய்யும் குற்றம் மட்டுமல்ல. அந்தக் குழாயைப் போட்ட அரசும் அதில் ஒரு தரப்பாகிவிடுகிறது.

இது நம் அரசியல் சாசனம் தெரிந்தே எழுதிவைத்த வேறுபாடு. 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாத இடங்களைச் சொல்லும்போது, கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றை முழுவதுமாகவோ ஓரளவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுபவை என்று குறித்துச் சொல்கிறது. 29ஆம் பிரிவு அரசு நடத்தும் பள்ளிகளோடு நிற்காமல், அரசின் நிதியுதவி பெறும் தனியார் கல்வி நிலையங்களிலும் மதம், இனம், சாதி, மொழி காரணமாகச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. எல்லோரிடமும் வரியாக வாங்கிய பணம் ஒரு சிலரைத் தள்ளிவைக்கப் பயன்படக்கூடாது என்பதே இவற்றின் அடிப்படை. ஓரளவு அரசுப் பணம் இருந்தாலே போதும் என்பதைக் கவனிக்க வேண்டும். பணம் எங்கே போகிறதோ அங்கே நிபந்தனையும் கூடப் போகவேண்டும்.

இந்தச் சிந்தனை 1950இல் திடீரென்று பிறந்ததல்ல. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளையும் சத்திரங்களையும் தீண்டப்படாதோர் என ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிடச் சொன்னது. பல நகராட்சிகள் அதைக் காகிதத்தோடு விட்டுவிட்டன. 1926இல் அவர் மீண்டும் வந்தார். தீர்மானத்தை நடைமுறைப்படுத்தாத உள்ளாட்சிகளுக்கு மானியம் தரவேண்டாம் என்று கேட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அம்பேத்கர் மகாட் குளத்தில் தண்ணீர் அள்ளியதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் எல்லாம் அனைவருக்கும் பொது என்ற தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். அப்போது பாலக்காடும் சென்னை மாகாணம்தான். அதே ஆண்டு கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவுக்குள் நடந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். அரசு என்ன செய்தது? நடக்க வந்தவர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு போட்டது. தீர்மானம் போடுவது ஒன்று, அதை மீறுபவருக்கு ஏதாவது இழப்பு நேரும்படி செய்வது வேறொன்று என்பதைப் பாலக்காடு நூறாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது.

இழப்பு நேரும்படி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் தெளிவான சான்று உண்டு. 1964இல் அந்நாடு இயற்றிய குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, மத்திய அரசின் நிதி பெறும் எந்தத் திட்டத்திலும் இனம், நிறம், பூர்வீக நாடு காரணமாக ஒருவரை விலக்கவோ பயனை மறுக்கவோ கூடாது என்றது. மீறினால் நிதியை நிறுத்தலாம் என்றும் சொன்னது. இரண்டே ஆண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது. 1966 ஜூலையில் முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது, கறுப்பின நோயாளிகளைத் தனி வார்டில் போடும் மருத்துவமனைக்கு அந்தப் பணம் கிடையாது என்று அரசு அறிவித்தது. பல தலைமுறைகளாக மாறாமல் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் சில மாதங்களில் பிரிவினையைக் கைவிட்டன. அந்த மருத்துவமனை நிர்வாகிகளின் மனம் அதற்குள் மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. நடைமுறை மாறியது. நோயாளிக்கு அன்று வேண்டியிருந்தது அதுதான்.

நம்மிடம் இப்படி ஒரு கருவியே இல்லையா என்றால், இருக்கிறது, பாதி இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தண்ணீர்க் குழாயைத் தடுப்பதையும், கடையில் பாத்திரத்தைப் பிரிப்பதையும், சேவை தர மறுப்பதையும் குற்றமாக்குகிறது. அதன் 8ஆம் பிரிவுப்படி, சேவை மறுத்ததற்காகத் தண்டனை பெற்றவரின் தொழில் உரிமத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். 9ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: அரசிடம் நிலமோ பணமோ மானியமாகப் பெறும் வழிபாட்டிடம், கல்வி நிலையம், விடுதி ஆகியவற்றின் நிர்வாகி இந்தச் சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டால், மானியத்தை அரசு நிறுத்தலாம், திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முதலில் குற்றத் தண்டனை வரவேண்டும். ஊரையே எதிர்த்துச் சாட்சி சொல்லும் கூலித் தொழிலாளி பல வருடம் வழக்குக்கு நடந்து முடித்த பிறகுதான் மானியத்தைப் பற்றிய பேச்சே எழும். அதுவும் இந்த மூன்று வகை நிறுவனங்களுக்கு மட்டும்; குடிநீர்த் திட்டமும் வீட்டுத் திட்டமும் நடத்தும் உள்ளாட்சியை அந்தப் பிரிவு தொடுவதில்லை. 1976இல் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு தீண்டாமை நிலவும் பகுதிகளைக் கண்டறியும் கடமையை அரசுகள்மேல் சுமத்தியிருக்கிறது. எல்லையோர ஊர்களில் அந்தக் கடமை ஆண்டுதோறும் ஒழுங்காக நடந்திருந்தால், கோவிந்தாபுரம் ஒரு திருமணத் தகராறு வழியாக வெளியே தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அரசுப் பணத்தைச் சரியாகப் பயன்படுத்திய உதாரணமும் இதே எல்லையில் உண்டு. இடுக்கி மாவட்டம் வட்டவடையில் அருந்ததியர்களுக்கு முடிதிருத்தும் கடைகளில் இடமில்லை என்பது நெடுநாள் வழக்கம். முடிவெட்டிக்கொள்ள வெளியூர் போகவேண்டிய நிலை. 2020 செப்டம்பரில் பஞ்சாயத்தே எல்லாச் சாதியாருக்குமான பொது முடிதிருத்தகம் ஒன்றைத் திறந்தது. நல்ல காரியம், தயங்காமல் பாராட்டலாம். எனினும் மறுப்பவரின் உரிமத்தில் கைவைக்கச் சட்டம் இருக்கும்போது, பொதுப் பணத்தில் மாற்றுக்கடை வைப்பது பாதித் தீர்வுதான். பழைய கடைக்கு ஒரு சாதி, புதுக் கடைக்கு இன்னொரு சாதி என்று ஊர் பிரிந்துகொண்டால் பஞ்சாயத்தின் பணம் வேலிக்குக் காலாக நட்டதாகிவிடும்.

எல்லைக்கு இந்தப் பக்கம், கொங்கு நாட்டில், நிலைமை வேறல்ல. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த தலித் பெண்ணை, எங்கள் பிள்ளைகளுக்கு இவர் சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அவரை இடம் மாற்றியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அவர் அங்கு மீண்டும் பணியமர்த்தப்பட்டார், வழக்கும் பதிவானது. சமையல் பணியில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே ஆணையிட்டிருந்தது. ஆணை இருந்தும், மிரட்டல் வந்ததும் அரசு இயந்திரம் சாய்ந்த பக்கத்தைப் பாருங்கள். கல்பாத்தியின் தடையுத்தரவுக்கும் இந்த இடமாற்றத்துக்கும் நடுவே தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல்.

இனப் பாகுபாட்டுக்கான அமெரிக்க விதியைச் சாதிக்குப் பொருத்துவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் இந்திய அரசே சாதி இனமல்ல என்று வாதிட்டது. மானிடவியலாக அதை எப்படி வேண்டுமானாலும் விவாதிக்கலாம். ஆனால் 1968இல் இந்தியா ஏற்றுக்கொண்ட இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை இனம், நிறம் என்பதோடு வம்சாவளியையும் சேர்த்துச் சொல்கிறது. சாதியும் அதில் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு 2002இல் விளக்கமும் கொடுத்தது. அதைவிட எளிய பதில், நம் சாசனம் இனத்தையும் சாதியையும் ஒரே வாக்கியத்தில் வைத்து ஒரே தடையைப் போட்டிருக்கிறது என்பது. பிறப்பைக் கேட்டுத் தண்ணீர் தருவதுதான் குற்றம். பிறப்புக்கு என்ன பெயர் சூட்டுகிறோம் என்பதல்ல.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: மானியத்தை நிறுத்தினால் நசுங்குவது அந்த ஏழைதானே? குழாய்க்கு வரும் பணத்தை வெட்டினால் அருந்ததியர் குடும்பத்துக்கும் தண்ணீர் நின்றுபோகும். உண்மை. ஆகையால் வெட்ட வேண்டியது பயனை அல்ல, அதை நடத்தும் அதிகாரத்தை. பாகுபாடு நடப்பதாக விசாரணையில் தெரிந்தால், திருத்திக்கொள்ள அவகாசம். திருந்தாவிட்டால் அந்தத் திட்டத்தின் பொறுப்பைப் பஞ்சாயத்திடமிருந்தோ ஒப்பந்தக்காரரிடமிருந்தோ எடுத்து மாவட்ட ஆட்சியர் நேரடியாக நடத்துவது. ஊக்க மானியத்தை நிறுத்திவைப்பது. அமெரிக்கச் சட்டமும் தானாக இணங்க வைக்கும் முயற்சி தோற்ற பிறகே நிதியில் கைவைக்கச் சொல்கிறது. கேரளம் இதற்குப் பாராளுமன்றத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பஞ்சாயத்துகளுக்குத் திட்டப் பணம் விடும் அரசாணையிலேயே இதை நிபந்தனையாக எழுதலாம்.

வெளிப்படையாகத் தெரியும் இந்த ஒதுக்கலுக்கு அப்பால் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் சத்தமில்லாத ஒன்று நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த தொழிலாளர்களில் பெரும்பகுதி தலித்துகள். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிகளை மாநிலவாரியாக வகுத்தது. அந்த நாளுக்குப் பின் குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் பட்டியல் சாதிக்குரிய சலுகையைக் கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1990இலும் 2018இலும் உறுதி செய்தது. சாதியின் பெயர் இரு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும் அப்படித்தான். எனவே முன்பே வந்த குடும்பம் தாத்தா காலத்துச் சான்றைக் காட்டவேண்டும். லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்தவருக்குச் சொந்த நிலமோ வீட்டுவரி ரசீதோ இருந்ததில்லை. அவர் இருந்ததற்குச் சாட்சி கம்பெனியின் பேரேட்டில் இருக்கிறது. சான்றிதழ் இல்லையென்றால் பிள்ளையின் படிப்புதவி இல்லை, வீட்டு மானியம் இல்லை. யாரும் வாசலில் மறிக்காமலேயே ஒரு குடும்பம் திட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

இரண்டு மாநிலங்களிலும் ஒருவரே சலுகை வாங்கிவிடுவார், உள்ளூர்த் தலித்துகளின் பங்கு குறையும் என்ற கவலை நியாயமானது. பட்டியலை மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்குத்தான் என்பதும் சரி. ஆனால் 1950க்கு முன் வந்தவரின் உரிமையில் சட்டத் தகராறே இல்லை, சான்றுத் தகராறுதான். தனித்தொகுதியான தேவிகுளத்தில் 2021இல் வென்ற ஏ. ராஜாவுக்கே என்ன நடந்தது? அவர் பட்டியல் சாதிக்குரியவரல்ல என்று 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி அவரது வெற்றி செல்லும் என்றது. கட்சியும் வழக்கறிஞர்களும் துணைக்கிருந்த ஒருவருக்கே தன் பிறப்பை நிலைநாட்ட இரண்டாண்டுக்கு மேல் ஆனதென்றால், கொழுந்து பறிக்கும் பெண் வில்லேஜ் ஆபீசில் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும்? தோட்டப் பேரேடுகளையும் பழைய வாக்காளர் பட்டியல்களையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவுகளையும் அரசே திரட்டித் தாலுகா ஆபீசில் வைக்கட்டும். தேடும் சுமை மனுதாரர்மேல் விழக்கூடாது. பின்னால் வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் படிப்புதவி தர வழி இல்லாமலில்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள சில சமூகங்களுக்குக் கேரளம் பிற தகுதியுள்ள சமூகங்கள் என்ற பிரிவில் கல்விச் சலுகை தந்து வருகிறது. அதே வழியைத் தோட்டக் குடும்பங்களுக்கும் திறக்கலாம்.

மொழியும் இந்தச் சத்தமில்லாத ஒதுக்கலில் சேர்ந்ததுதான். 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளுக்குச் சான் பிரான்சிஸ்கோ பள்ளிகள் எந்த உதவியும் செய்யாததை அதே ஆறாம் தலைப்பின் மீறலாகக் கண்டது. புரியாத மொழியில் தரும் பயன், தராத பயனே. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியிலேயே தரப்பட வேண்டும் என்கிறது. பாலக்காட்டுச் சித்தூரிலோ தேவிகுளத்திலோ இதைப் படிக்கும் தமிழர்கள் தங்கள் அடுத்த மனுவைத் தமிழில் எழுதுங்கள், பதிலைத் தமிழில் கேளுங்கள். குழாயிலோ பள்ளியிலோ சான்றிதழ் மேசையிலோ யாரேனும் ஒதுக்கப்பட்டால், ஒதுக்கியவர் யார் என்பதோடு, அந்தத் திட்டத்துக்குப் பணம் எந்தத் துறையிலிருந்து வந்தது என்பதையும் மனுவில் சேர்த்து எழுதுங்கள்.